சந்தனக் கலருக்கு முன்னால் ஒரு பீரோ

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. கலரிலிருந்து ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர், "மொதல்ல மாடி ரூம் எதுக்குக் கட்டினோம்னு சொல்லு" என்கிறார். மாடி ரூமிலிருந்து ஆரம்பித்தால் எதிர்வீட்டு கற்பகம் அக்கா, "ஏளா செம்பா, வத்தல் காஞ்சதை விட்டுட்டியே" என்கிறாள். நான் ஏழாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போனவள், முன்னது பின்னது பார்த்து அடுக்கத் தெரியாது. ஏற்கெனவே யாரோ தப்பாகச் சொல்லி, எங்கள் வீட்டு மாடியில் பேய் இருக்கிறது என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாகிவிட்டது. பேயெல்லாம் இல்லை. இருந்தது வெயிலும் பனியும் மழையும்தான், அதுவும் சுவரோடு சுவராக.

மாடி ரூம் கட்டியது சம்பந்தியம்மாளுக்காக. என் ஒரே மகள் சுபாஷினியைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு அவர்கள் வீட்டில் நடந்தது. அன்றைக்கே பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவருவதுதானே முறை, அதற்காக வாடகைக் காரின் பின் சீட்டில் அவள் முதுகுக்கு ஒரு தலையணையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சம்பந்தியம்மாள் திலகவதி, குரலே எழும்பாமல், பூப்போலச் சொன்னாள்: "அம்மா ஊட்டுக்கு அனுப்பறதுல ஒண்ணுமில்லீங்க. கொழந்தையப் பாக்க நாங்க வந்தா எங்கீங்க படுக்கறது? அத மட்டும் யோசிச்சுக்குங்க. ரூம் தயாரானதும் நானே ஒரு எட்டு வந்து பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க." எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். மகள் இல்லாத காரில், அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

அறை கட்டுவது பெரிய விஷயம் இல்லை. என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், மணலும் சிமெண்டும் அவரே ஏற்றிவந்துவிட்டார். எனக்குப் பயம் எல்லாம் சுபாவைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு முன்னால் தோசைக்கு மிளகாய்ச் சட்னி இல்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறவள், இப்போது போனில், "ஏட்டி, என்ன திங்கணும்னு தோணுது?" என்று கேட்டால், "எதுன்னாலும் சரிம்மா" என்கிறாள். பசிக்கிறதா என்றால் பரவாயில்லை என்கிறாள், கால் வீங்கியிருக்கிறதா என்றால் பரவாயில்லை என்கிறாள். அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, யாரும் இது வேணும் அது வேணும் என்று கேட்பதில்லை, நல்ல மனிதர்கள்தான், ஆனால் என் மகள் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தாள். வலி வந்தால்கூட பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாளோ, யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

ஆகவே அந்த அறை சம்பந்தியம்மாளுக்குப் பிடித்தாக வேண்டும். கலரை அவளிடமே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். அதுதான் நான் செய்த புத்திகெட்ட வேலை.

"எதுன்னாலும் பரவால்லீங்க. உங்க இஷ்டமுங்க" என்றாள்.

பெண்ணைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும் இதற்கு என்ன அர்த்தம் என்று. அவள் மனதில் ஒரு கலர் இருக்கிறது, அதை நானாகக் கண்டுபிடிக்க வேண்டும், தப்பாகக் கண்டுபிடித்தால் அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், சாகிறவரைக்கும் அது அவள் மனதில் இருக்கும். கற்பகம் அக்காவிடம் சொன்னேன். "உன் சம்பந்தி என்ன, ரேஷன் கடைக்கா வந்திருக்கா, போட்டதை வாங்கிட்டுப் போறேன்னு சொல்றதுக்கு?" என்றாள். அதில் எனக்கு இன்னும் குழப்பம்தான் கூடியது.

பெயிண்டர் அந்தோணி கலர் அட்டையை விரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. பச்சையிலேயே ஒரு ஊருக்குக் காணும் அளவு பச்சை. கடைசியில், "எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு சுவத்துல அடிச்சுக் காட்டுங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றேன். அவர் சுளகு, அதுதான் முறம், அந்த அகலத்துக்கு ஆறு கலர் அடித்தார்: கிழக்குச் சுவரில் மஞ்சளும் நீலமும், தெற்கில் பச்சையும் சந்தனமும், மேற்கில் ரோசும் சாம்பலும். வடக்கில் கதவும் ஜன்னலும் இருந்ததால் அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் கூட்டுவதற்காக மேலே போனேன். ஐப்பசி மாதம், வெளியே மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளுக்கு முன்னால் மட்டும் சித்திரை வெயில் சுள்ளென்று அடித்துத் தரை சுட்டது, செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. நீலத்துக்கு முன்னால் மார்கழி விடியற்காலை, வாயிலிருந்து புகை வந்தது. ரோசுக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் விடுகிற நேரத்துச் சாயங்காலம், லேசாகக் காற்று. சாம்பலுக்கு முன்னால் மழை வருமா வராதா என்று மூடிக்கொண்டு நிற்கிற வானத்துப் புழுக்கம். பச்சைக்கு முன்னால் மழை அப்போதுதான் விட்டிருந்தது, மண்வாசனை வந்தது, எங்கோ ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. சந்தனத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, காலையா மாலையா என்றும் தெரியவில்லை. விளக்குமாற்றைப் பிடித்தபடி அங்கே எவ்வளவு நேரம் நின்றேனோ, கீழேயிருந்து அவர், "செம்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டபோது, சாப்பிட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவு வரவில்லை.

அந்தோணி வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கோட்டுல அப்படித்தான்க்கா இருக்கும். ரெண்டாவது கோட்டு அடிச்சா அடங்கிரும். எதுன்னு சொல்லுங்க, முடிச்சிட்டு அடுத்த வேலைக்குப் போணும்" என்றார்.

எதுன்னு சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் தெரு மாடியேறி வந்துவிட்டது. முதலில் கற்பகம் அக்கா, மழையில் நனைந்து பூசணம் பிடிக்கப்போன மிதுக்கங்காய் வத்தலைக் கொண்டுவந்து மஞ்சளுக்கு முன்னால் பரப்பினாள். மத்தியானத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது. அதைப் பார்த்துப் பள்ளிக்கூட யூனிபார்ம்கள் வந்தன, அப்பளம் வந்தது, ஈரம் கோத்த தீப்பெட்டிக் கட்டுகள் வந்தன. பூக்கட்டுகிற பேச்சியம்மாள், மிஞ்சின பிச்சிப்பூவை நீலத்துக்கு முன்னால் வாழை இலையில் வைத்துவிட்டுப் போனாள், மறுநாளும் மொட்டு மொட்டாகவே இருந்தது. மாவு புளிக்காதவர்கள் மஞ்சளுக்கும், புளித்துப் பொங்கினவர்கள் நீலத்துக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலை விட்டு வந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாத மருமகள்கள் ரோசுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். இப்படி ஒரு சுவரா என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. என் சட்டி முன்னால் இருந்ததா உன் சட்டி முன்னால் இருந்ததா என்றுதான் சண்டை வந்தது. போகிறபோது ஒவ்வொருத்தியும் படியில் நின்று எனக்கு யோசனை சொன்னாள். மஞ்சள் மங்களம் என்றார்கள் வத்தல்காரர்கள். நீலம் பார்க்க ராயலாக இருக்கும் என்றாள் பேச்சியம்மாள். சந்தனத்துக்கு முன்னால் நின்றவர்கள் மட்டும் எந்த யோசனையும் சொல்லாமல், எதற்கு வந்தோம் என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

இதற்கிடையில் கட்டில் வந்தது. தேக்குக் கட்டில், பூ வேலை செய்த தலைமாடு, படியில் திரும்பவில்லை என்று கயிறு கட்டி வெளியிலிருந்து தூக்கி ஜன்னலைக் கழற்றி இறக்கினார்கள். இறக்கினபின் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு: சொந்த வீடென்றால் கிழக்கே தலை, மாமியார் வீடென்றால் தெற்கே, அசலூர் என்றால் மேற்கே, வடக்கே எக்காலத்திலும் கூடாது. சம்பந்தி வீடு இதில் எந்தக் கணக்கு?

"சொந்தம்தானே, கிழக்க போடு" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப வீடு அவளுக்கா எழுதிக் குடுத்துட்டிய?" என்றாள் கற்பகம் அக்கா. "அவ மகனுக்குத்தான் இது மாமியார் வீடு. அவளுக்கு அசலூர். மேக்க போடு."

"அசலூர்க்காரி மாதிரி நடத்திட்டாங்கன்னு நெனச்சா?" என்றேன் நான். கட்டிலைக் கிழக்கே இழுத்தோம், மேற்கே இழுத்தோம், தரையில் புது டைல்ஸ் கீறினதுதான் மிச்சம்.

கடைசியில் சந்தனம் என்று நானே முடிவு செய்தேன். யாருக்கும் ரொம்பப் பிடிக்காது, யாருக்கும் பிடிக்காமலும் போகாது. யாரும் குறை சொல்ல முடியாத கலர். திங்கட்கிழமை வந்து அறை முழுக்க சந்தனம் அடித்துவிடுங்கள் என்று அந்தோணியிடம் சொல்லி அனுப்பினேன். கட்டிலையும் தெற்கே இழுத்துச் சந்தனத்துக்குத் தலைமாட்டைச் சேர்த்துப் போட்டேன்.

சனிக்கிழமையே சம்பந்தியம்மாள் வந்துவிட்டாள். சொல்லாமல், தனியாக, ஒரு கைப்பையோடு ரயிலில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தாள். வாசலில் சட்டி தூக்கிக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்து, "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்று ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாப்பிட்டதும் மேலே அழைத்துப்போய், "மதினி, தலை எந்தப் பக்கம் வச்சுப் படுக்கிய?" என்றேன்.

"எப்படின்னாலும் பரவால்லீங்க" என்று சொல்லி, போட்டிருந்தபடியே சந்தனத்துக்குக் கீழே தலைவைத்துப் படுத்தாள்.

காபி நேரத்துக்கு நானும் கற்பகம் அக்காவும் மேலே போனோம். அவள் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தூங்கின முகமும் இல்லை, விழித்த முகமும் இல்லை.

"காபி குடிக்கியளா மதினி?"

"குடுத்தா குடிக்கிறேனுங்க."

"ரூம் பிடிச்சிருக்கா?"

"ஒண்ணும் கொறையில்லீங்க."

நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அப்ப சுபாவை..." என்றேன்.

"வந்தாலும் சரிங்க. அங்கயே இருந்தாலும் சரிங்க."

ஐயோ, இந்தச் சந்தனம் அவளைப் பிடித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவள் இங்கே வருவதற்கு முன்னாலும் இப்படித்தான் பேசினாள், போனில் பேசினபோதும் இப்படித்தான். வளைகாப்புக்குப் போனபோது நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேனே, கூடம் சந்தனம், படுக்கையறை சந்தனம், மாடிப்படி சந்தனம், பூஜை அறைகூட சந்தனம். அதற்குள்ளேதான் என் மகள் வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். நானும் இங்கே ஒரு அறை முழுக்க அதையே அடிக்கச் சொல்லியிருந்தேன்.

"எக்கா, அந்தப் பக்கம் பிடி" என்றேன்.

"எதை?"

"கட்டிலை. இழு."

"ஆள் உக்காந்திருக்காள்லா?"

"இருக்கட்டுங்க, நகத்துங்க" என்றாள் சம்பந்தியம்மாள், காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு.

அவளோடு சேர்த்தே இழுத்தோம். நீலத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், பல் கிட்டியது. "குளிருதா மதினி?" என்றேன். "பரவால்லீங்க." மஞ்சளுக்கு இழுத்தோம், நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. "பரவால்லீங்க." மேற்கே இழுத்தோம், ரோசைப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்றாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சொல்வதுபோல. சாம்பலுக்கு முன்னால் கற்பகம் அக்காவுக்குத்தான் மூச்சு வாங்கியது. "நீ தேரா இழுக்கே? எங்கயாவது நிலைக்குக் கொண்டா, ஏளா!" என்று கோபத்தில் ஒரு தள்ளுத் தள்ளினாள். கட்டில் கிரீச்சென்று தெற்குப் பக்கமாகப் போய், சந்தனத்தைத் தொடாமல், பச்சையில் இடித்து நின்றது.

மண்வாசனை குப்பென்று அடித்தது. சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாள் தலையைத் தூக்கி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, யாரிடமோ திருட்டுத்தனமாகச் சொல்வதுபோல, "பசிக்குது" என்றாள்.

"என்ன மதினி?"

"பசிக்குதுங்க. எனக்கு மொளகா பஜ்ஜி வேணும். சூடா."

கற்பகம் அக்கா கடை வீதிக்கு ஓடினாள். அவள் வருவதற்குள் சம்பந்தியம்மாள் பேச ஆரம்பித்திருந்தாள், மழைக்கு மதகு திறந்த மாதிரி. "எனக்கும் இப்படித்தானுங்க, மழை விட்ட ஒரு நாள், வளைகாப்பு முடிஞ்சு எங்கம்மா வந்து வாசல்ல நிக்கறாங்க. எங்க மாமியார் கேட்டாங்க, 'போறியா கண்ணு?'ன்னு. கட்டிக் குடுத்து வந்த எடத்துல, போகணும்னு எப்படீங்க சொல்றது? 'எதுன்னாலும் சரிங்கத்தை'ன்னேன். அவுங்க அதை நெசம்னு நெனச்சுட்டாங்க. எங்கம்மா பஜ்ஜி கட்டிக் கொண்டாந்த தூக்குப்போசிய வெச்சுட்டுத் திரும்பிப் போனாங்க. அடுத்த மாசமே தவறிட்டாங்க."

எனக்கு மடியில் தலையணையோடு நான் திரும்பி வந்த கார் ஞாபகம் வந்தது. அழுவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல், கொண்டுவந்து ஜன்னலில் வைத்திருந்த காபியை எடுத்து நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சர்க்கரை ரொம்பத் தூக்கலுங்க. இந்தக் கட்டில் ஒசரம், எனக்குக் கால் எட்ட மாட்டேங்குது. திரைச்சீலை ஜிகினா மின்னிக் கண்ணு கூசுது, மொதல்ல கழட்டுங்க. அந்த மெத்தையும் கல்லாட்டம் இருக்குது."

என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு குறை சொன்னதில்லை, நானும் இவ்வளவு சந்தோஷமாக எதையும் கேட்டதில்லை.

பஜ்ஜி தின்று கையைத் துடைத்துவிட்டு, அவளே சுபாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "சுபா, அம்மா ஊட்டுக்குப் போறியா கண்ணு?"

"எதுன்னாலும் சரிங்கத்தை" என்றது போன்.

நானும் கற்பகம் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"அந்தப் பேச்சு வேண்டாம்" என்றாள் சம்பந்தியம்மாள். குரல் எழும்பியது, அந்தக் குரல் எழும்பி அன்றுதான் கேட்டேன். "நான் நெசமாக் கேக்கறேன், நீ நெசமாச் சொல்லு. வேணுமா வேண்டாமா?"

 சுவரிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"வேணும் அத்தை. எனக்கு எங்கம்மா வீட்டுக்குப் போணும். இன்னைக்கே போணும். எனக்கு மிளகாய்ச் சட்னி வேணும்."

அப்படித்தான் சுபா வந்தாள், அதே தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு. அந்தோணி திங்கட்கிழமை சந்தன டப்பாவோடு வந்தார், வேண்டாம் என்றேன், அப்ப எதுதான்க்கா என்றார், தெரியவில்லை என்றேன், தலையில் அடித்துக்கொண்டு போனார். அறை இன்னும் ஆறு சுளகுக் கலரோடுதான் இருக்கிறது. எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுபா வெயில் வேண்டும் என்றால் மஞ்சளுக்கும், தூக்கம் வேண்டும் என்றால் நீலத்துக்கும் கட்டிலை இழுக்கச் சொல்லி அதிகாரம் செய்தாள், தெருவே கேட்கும்படி.

அந்தச் சந்தனத்தை என்ன செய்வது என்றுதான் எனக்குக் கலக்கம். சுரண்டினால் தூசி மற்ற கலர்களில் போய் ஒட்டுமோ, மேலே வேறு கலர் அடித்தால் உள்ளிருந்து ஊறி வருமோ. ஆகவே விருந்தாளிக்கு என்று வாங்கின இரும்பு பீரோவைக் கொண்டுபோய் அதற்கு முன்னால், சுவரோடு ஒட்டி, கலர் ஒரு விரல்கூடத் தெரியாமல் நிறுத்தினேன். வெறும் பீரோவை யாராவது நகர்த்திவிடுவார்கள் என்று அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "விருந்தாளி சேலை வைக்க எடம்?" என்றார் அவர். "ஆணி அடிச்சு மாட்டிக்கிடட்டும்" என்றேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், "அம்மா, வலிக்கி! செத்துருவேன் போலிருக்கு, ஓடி வா!" என்று சுபா போட்ட கூச்சலில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வெளியே வந்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு படியேறினேன். பெண் குழந்தை. அதற்கும் நல்ல தொண்டை. சம்பந்தியம்மாள் வருவதற்கு முன்னால் போனிலேயே, "எனக்குப் பச்சைப் பக்கம் போட்டு வெச்சுருங்க, கட்டில் கால அறுத்துக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்று சொல்லிவிட்டாள். தலை எந்தத் திசை என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் போன வாரம் சுபாவுக்குப் பால் கொண்டுபோனவள், அசதியில் அந்த பீரோவில் முதுகைச் சாய்த்தேன். குழந்தை அழுதது கேட்டது. கையில் ஒரு டம்ளர் இருந்தது. அது யாருக்கு, யார் கேட்டார்கள், நான் குடிப்பதா கொடுப்பதா என்று எனக்கு விளங்கவில்லை, எதுவானாலும் சரி என்று இருந்தது.

சுபா, "அம்மா, பாலைக் கொண்டா, ஆறிப்போவுது!" என்று கத்தினாள். நான் விலகி வந்து பாலைக் கொடுத்தேன், கீழே இறங்கினேன், "எனக்கு டீ வேணும், சர்க்கரை தூக்கலா வேணும்" என்று யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னேன். பிறகு கற்பகம் அக்காவைக் கூப்பிட்டு, அடுப்படியில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கி, பீரோ சுவரோடு இன்னும் அழுந்தி நிற்கட்டும் என்று அதன் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன்.